நூலக வரி: 64 ரூபாய்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதிய வாசிப்பு அறை திறந்த அன்றைக்கு நானும் எழுந்து நின்று கைதட்டினேன். 2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. கோவையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பேரூராட்சி எங்களுடையது. நூலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள், நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அறையைக் கட்டிக் கொடுத்தவர் ஒரு நூற்பாலை முதலாளி, இதே ஊர்க்காரர். வாசலில் பதித்திருந்த பளிங்குக் கல்லில் அவருடைய தாயார் பெயர் இருந்தது. வரிசையாகப் பொன்னாடை போட்டு முடித்ததும் அவர் பேசினார். பதினாறு வயதில் ஜின்னிங் ஃபேக்டரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்ததும் இந்த நூலகத்துக்கு வந்துதான் பேப்பர் படிப்பாராம். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதும் இங்கேதானாம். அதைச் சொல்லும்போது குரல் கம்மியது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "இந்தப் பணத்த வரியாக் கட்டியிருந்தா டெல்லிக்குப் போயிருக்குமுங்க. இங்க குடுத்ததால நம்மூருல நிக்குது" என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் இன்றுவரை என்னை விடவில்லை. ஏனென்றால் நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். அவருடைய ஃபைலும் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது. அந்த வருடக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருவன். (ஆள் அடையாளம் தெரியாதபடி தொகைகளையும் சில விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கணக்கின் போக்கு மட்டும் அப்படியே.) அவர் பேசியதில் பொய் எதுவும் கிடையாது. உணர்ச்சியும் உண்மையானது. ஆனாலும் "என் பணம்" என்று அவரும், "அவர் பணம்" என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக் கைதட்டிய அந்த 30 லட்சத்தில் கொஞ்சம் அவருடைய பணம் இல்லை என்பது அந்தப் பந்தலில் இருந்தவர்களில் எனக்கும் எங்கள் ஆடிட்டருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கணக்கு இதுதான். அவருக்கு ஆண்டு வருமானம் 3 கோடிக்கு மேல், 5 கோடிக்குக் கீழ். குடும்ப அறக்கட்டளை ஒன்று வைத்திருக்கிறார். அவரும் மனைவியும் மகனும் அறங்காவலர்கள். அதற்கு 80ஜி, அதாவது நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் சட்டப் பிரிவின் அங்கீகாரம் உண்டு. அதற்கு 30 லட்சம் கொடுத்தார். அறக்கட்டளை அறையைக் கட்டியது. இந்த மாதிரி அறக்கட்டளைக்குக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள், கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதாவது 15 லட்சம். பழைய வரிமுறையில், அவர் இருக்கும் படிநிலையில், சர்சார்ஜும் செஸ்ஸும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரிகள்) சேர்த்து மேல்மட்ட வரி 39 சதவீதம். ஆக மிச்சமான வரி 5,85,000 ரூபாய். 30 லட்ச ரூபாய் அறையில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் அரசு கஜானாவுக்கு வர வேண்டியது. வராமல் இங்கே செங்கல்லாகவும் டைல்ஸாகவும் நிற்கிறது. பளிங்குக் கல்லில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இது சட்டப்படி சரி. ஒரு ஓட்டை ஒடிசல் இல்லாத, சுத்தமான ஃபைல் அது. போலி ரசீதுக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கும்பல்களைப் பற்றி வருடா வருடம் செய்தி வருகிறது, அதெல்லாம் வெறும் திருட்டு, அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. என்னைக் குடைந்தது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறபோது நடப்பது.

ரசீதில் ஒரு வரி

அடுத்த ஏப்ரலில் அம்மாவின் வீட்டு வரியைக் கட்டப் பேரூராட்சி அலுவலகம் போனேன். அம்மாதான் எப்போதும் போவார். முழங்கால் வலி என்று அந்த முறை என்னை அனுப்பினார். பழைய ரசீதுகளை எல்லாம் மஞ்சள் பையில் போட்டு, வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். புது ரசீதை மடிக்கும்போதுதான் பார்த்தேன். அரையாண்டுச் சொத்து வரி 640. கீழே தனி வரியில், நூலக வரி 64. நான் இத்தனை வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறேன், அந்த வரியைக் கண் பார்த்திருக்கிறது, மனசு பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தேன். அப்பா இறந்ததற்கு அடுத்த மாதம் கட்டிய ரசீதிலும் இருக்கிறது, வீடு ஒழுகி ஓடு மாற்றக் காசில்லாமல் இருந்த வருடத்து ரசீதிலும் இருக்கிறது. அம்மா ஒரு புத்தகமும் படித்தவர் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு வருடமாக நூலகம் நடத்தியிருக்கிறார்.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய் நூலகரிடம் பேச்சுக் கொடுத்தேன். புது அறை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையில் வந்தால் இருட்டியபின்தான் போகிறார்கள் என்றார். அப்படியானால் இனிச் சிரமமில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் வருகைப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கட்டடம் ஒருதரம் கட்டறதுங்க சார். பேப்பர் தெனமும் வரணும். அறை பெருசானதுல கரண்ட் பில்லும் பெருசாயிடுச்சு. கூட்டற அக்காவுக்கு முந்தி ஒரு ரூம், இப்ப ரெண்டு ரூம், சம்பளம் அதேதான்." அந்தப் பேப்பருக்கும் கரண்டுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். மாவட்ட நூலக ஆணைக்குழுவிலிருந்து என்றார். ஆணைக்குழுவுக்கு? "நீங்க கட்டற நூலக வரிதானுங்க."

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினாறு வயதுப் பையன் கண்முன் வந்தான். பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்து அவன் படித்த பேப்பருக்கு யார் காசு கொடுத்தது? அந்தக் காலத்தில் எந்த முதலாளியும் இந்த நூலகத்துக்கு ஒரு பெஞ்சு கூட வாங்கிக் கொடுத்ததாக ஊரில் யாரும் சொல்வதில்லை. ஓட்டு வீட்டுக்காரர்களும் டீக்கடைக்காரரும் அரை வருடத்துக்கு ஒரு முறை கட்டிய சில்லறைதான் அவரை எழுத்துக் கூட்ட வைத்தது. அவர்களில் யாருக்கும் யாரும் பொன்னாடை போடவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அவர் அதை மறந்துவிட்டார் என்று நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. வரியாக வரும் உதவிக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் அதை யாரும் உதவி என்றே நினைப்பதில்லை.

கொடுத்தவரே போட்ட வரி

இந்த நூலக வரி எப்படி வந்தது என்று தேடிப் போனதில் எனக்குக் கிடைத்த ஒரு பெயர், கோவைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்காக ஆண்டுக் கணக்கில் அலைந்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் முக்கியமான வேலையே இதுதான். சட்டம் வந்தபோது கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்று இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை 1930-இல் தொடங்கியவர். வசதியான குடும்பத்தில் பிறந்து, தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கல்விக்குக் கொடுத்தவர். அவர் நினைத்திருந்தால் தன் பெயரில் ஊர் ஊராக நூலகம் திறக்கும்படி பணக்காரர்களைத் தூண்டியிருக்கலாம். கொடையின் அருமை தெரிந்த மனிதர், நூலகத்தைக் கொடையை நம்பி விடவில்லை. வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு வரி போட வைத்தார். இன்று அது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. கொடுக்கிற கையும் வரி போடுகிற கையும் ஒரே ஆளிடம் இருந்ததைப் பார்த்து எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் வீணாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

நூலகக் கொடை என்றாலே உலகம் முழுக்கச் சொல்லும் பெயர் ஆண்ட்ரூ கார்னெகி. ஸ்காட்லாந்தில் ஒரு நெசவாளியின் மகன். அமெரிக்காவுக்குப் போய் உருக்கு ஆலை முதலாளி ஆனவர். சிறுவனாக இருந்தபோது ஒரு கர்னல் தன் சொந்தப் புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்களுக்காகத் திறந்துவிட்டிருந்தார், அங்கே படித்தவர். பின்னாளில் 2,509 நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது எண்ணிக்கை இல்லை, அவர் போட்ட நிபந்தனை. அமெரிக்க ஊர்களிடம், இடத்தை நீங்கள் கொடுங்கள், நான் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் உங்கள் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்கு ஒதுக்குகிறோம் என்று எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் கட்டடம் என்றார். எங்கள் நூலகர் சொன்ன அதே விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடம் ஒருதரம், பேப்பர் தினமும். இன்னொன்று, நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு என்பது அமெரிக்காவில் 1917-இல்தான் வந்தது. அவருடைய நூலகங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே கொடுத்து முடிந்தது. அங்கே வருமான வரியே 1913-இல்தான் நிலையாக வந்தது. பெரும் பணக்காரர்கள் இறந்தபின் விட்டுப்போகும் சொத்துக்குக் கடுமையாக வரி போட வேண்டும் என்று 1889-இலேயே எழுதியவரும் அவர்தான். அவரை நான் மகானாக்க விரும்பவில்லை. 1892-இல் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலி குறைப்பை எதிர்த்த தொழிலாளிகள் மீது தனியார் காவல் படையை இறக்கியதும் அவருடைய நிறுவனம்தான். அதில் உயிர்கள் போயின. சில ஊர்கள் அந்தப் பணமே வேண்டாம் என்று நூலகத்தை மறுத்தன. தொழிலாளியிடம் பிடித்ததை நூலகமாகத் திருப்பிக் கொடுப்பது கொடையா என்று அன்றே கேட்டிருக்கிறார்கள்.

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை

அந்த வருடம் ரிட்டர்னுக்குக் கையெழுத்துப் போட முதலாளி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். ஆடிட்டர் வெளியூர் போயிருந்தார். நான்தான் காகிதங்களை எடுத்து வைத்தேன். கையெழுத்து முடிந்து காபி வந்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "ஐயா, அந்த நூலக அறைக் கல்லுல, இதுல இவ்வளவு அரசாங்கத்தோட வரிச் சலுகைன்னு ஒரு வரி போட்டிருக்கலாமுங்களா?" அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, நான் எடுக்காம உட்டிருந்தா அந்த அஞ்சே முக்கால் லட்சம் நம்மூருக்கு வந்து சேர்ந்திருக்கும்னு நெனைக்கறயா?"

அவர் போனபிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 5,85,000-இல் சர்சார்ஜும் செஸ்ஸும் போக அடிப்படை வரி 4,50,000. மாநிலங்களோடு மத்திய அரசு பகிர்ந்துகொள்வது அதில் மட்டும்தான். சர்சார்ஜையும் செஸ்ஸையும் பகிர வேண்டியதில்லை. பகிர்வது 41 சதவீதம். அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 சதவீதம். வரும் விடை 7,526 ரூபாய். மாநிலத்துக்கே இவ்வளவுதான், எங்கள் ஊருக்கு எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். மத்திய அரசு தன் கையால் செய்யும் செலவு வேறு கணக்கு, ரயிலும் நெடுஞ்சாலையும் ராணுவமும் அதில்தான். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் நான் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பந்தலில் அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. ஊருக்குக் கண்ணெதிரே நிற்கும் ஒரு அறை, இன்னொரு பக்கம் ஏழாயிரத்துச் சொச்சம். இதில் எது நல்லது என்று எங்கள் ஊரில் வாக்கெடுப்பு நடத்தினால் என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியும்.

பல மாதம் நான் அவர் பக்கம்தான் இருந்தேன். பிறகு மெதுவாகத்தான் ஒன்று தோன்றியது. டெல்லி நம் பங்கைக் குறைக்கிறது என்பது உண்மையான வழக்கு. ஆனால் அது நம் எல்லோருடைய வழக்கு. அதிலிருந்து வெளியே போக ஒரு தனிக் கதவு அவருக்கு மட்டும் இருக்கிறது. அம்மா சோப்பு வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கும் அதே டெல்லிக்குப் போகிறது, அதில் பாதியை எங்கள் தெரு சாக்கடைக்குத் திருப்பிவிடுகிறேன் என்று அம்மா சொல்ல முடியாது. நன்கொடைக் கழிவிலும் அப்படித்தான். ஒரு அறக்கட்டளைக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு 195 ரூபாய் வரி குறையும். 20 சதவீதப் படிநிலையில் இருக்கும் ஆசிரியருக்கு 104 ரூபாய். நூலகத்தைக் கூட்டும் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அவருக்கு வருமான வரி கட்டும் அளவு வருமானமே இல்லை. மூன்று பேரில் ஆயிரம் ரூபாயின் கனம் யாருக்கு அதிகம்? அந்த அக்காவுக்குத்தான். அரசு கைகொடுப்பதோ மூன்று பேரில் அந்தப் பணத்தின் கனமே தெரியாதவருக்கு அதிகமாக. இந்த மூன்று எண்களையும் நான் ஒரு காகிதத்தில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்புறம், எதற்குக் கொடுப்பது என்பதை அந்த ஒருவரே முடிவு செய்கிறார். நல்லவேளை, எங்கள் முதலாளி நூலகத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதே அறக்கட்டளைக்கு அவர் மற்ற வருடங்களில் கொடுத்த பணம் மூலநிதி என்ற பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கிறது. கொடுத்த வருடமே வரிக் கழிவை எடுத்தாயிற்று. மூலநிதியை இத்தனை வருடத்துக்குள் செலவழித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஏதாவது நல்ல காரியம் அமையும்போது செய்யலாம் என்று வைத்திருக்கிறார், செய்வார் என்றே நம்புகிறேன். பொதுப்பணத்தின் ஒரு பகுதி அதுவரை ஒரு குடும்பத்தின் தீர்மானத்துக்காகக் காத்திருக்கிறது. இங்கே மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் நன்கொடையாளர் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளும் நிதிகளுக்கு, போட்ட பணத்தை இந்தக் காலத்துக்குள் தொண்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வரிக் கழிவு மட்டும் போட்ட அன்றே கிடைத்துவிடும்.

என் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க எனக்கு உதவியது 2022-இல் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு செய்திகள். பேட்டகோனியா என்ற ஆடை நிறுவனத்தின் உரிமையாளர் இவான் ஷுயினார், கிட்டத்தட்ட 300 கோடி டாலர் பெறும் தன் நிறுவனத்தையே பருவநிலை மாற்றத்தை எதிர்க்கும் வேலைக்காகக் கொடுத்துவிட்டார். பாரி சைட் என்ற சிகாகோ தொழிலதிபர், 165 கோடி டாலருக்கு விலைபோன தன் மின்சாதன நிறுவனத்தை நீதிமன்றங்களையும் அரசியலையும் வலதுசாரிப் பக்கம் திருப்ப உழைக்கும் ஒரு அமைப்புக்குக் கொடுத்தார். இருவரும் விற்றுப் பணமாக்கிக் கொடுத்திருந்தால் பெரும் தொகை மூலதன ஆதாய வரியாகப் போயிருக்கும். நிறுவனப் பங்குகளாகவே கொடுத்ததால் அது இல்லை. (ஷுயினார் குடும்பம் வாக்குரிமையுள்ள 2 சதவீதப் பங்குகளுக்கு மட்டும் ஒன்றே முக்கால் கோடி டாலர் அளவுக்கு நன்கொடை வரி கட்டியது.) முதல் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவதைப் படித்தபோது இது அநியாயம் என்று தோன்றியது. கதவு ஒன்றுதான். எனக்குப் பிடித்த வேலைக்குப் பணம் போனால் கொடை, பிடிக்காததற்குப் போனால் ஏய்ப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தால் அது நியாயமே இல்லை. ஓட்டுப் போட்டு, சட்டசபையில் பேசி, சண்டை போட்டு நாம் எல்லோருமாகச் செய்ய வேண்டிய தீர்மானத்தை, கையெழுத்துப் போடும் ஒருவர் தனியாகச் செய்துவிடுகிறார். அதில்தான் எனக்கு வருத்தம்.

நம் பழைய ஆட்கள் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும், வரி நீக்கிய நிலம். கோயில் விளக்குக்கோ அன்னசாலைக்கோ நிலம் எழுதி வைப்பவர் பல இடங்களில் நிலத்தோடு நிற்பதில்லை. அந்த நிலத்தின் மேல் வருடா வருடம் வர வேண்டிய வரிக்கு ஈடாக ஊர்ச் சபையிடம் ஒரு தொகையைப் பொன்னாக முன்கூட்டியே கட்டிவிடுவார். அதற்கு 'இறைகாவல்' என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு, இனி இந்த நிலத்துக்கான வரியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சபை கல்லில் வெட்டிக் கொடுக்கும். ஒருவர் நிலம் வரியிலிருந்து விலகினால் அந்தச் சுமை ஊரில் மற்றவர்கள் தலையில் விழும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது. தானத்தையும் கொடுத்து, அதனால் ஊருக்கு வரும் குறையையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லில் அதுவும் எழுதியிருக்கிறது. எங்கள் நூலகத்துப் பளிங்கில் நான் கேட்டதும் அப்படி ஒரு வரிதான்.

எனவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பணக்காரர்கள் கொடுக்கட்டும், நிறையக் கொடுக்கட்டும். வரியைக் கட்டி முடித்தபின் மிச்சத்திலிருந்து கொடுக்கட்டும். சிறு நன்கொடைகளுக்குச் சலுகை வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். தன் குடும்பமே நடத்தும் அறக்கட்டளைக்குக் கொடுப்பதற்கு வேண்டாம். சலுகையை எடுத்துவிட்டால் யாருமே கொடுக்க மாட்டார்கள் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உறுதியாகச் சொல்வார்கள். சிலர் நிறுத்துவார்கள்தான். ஆனால் இந்தியாவில் மிகப் பெரிய கொடைகளில் ஒன்றான அசீம் பிரேம்ஜியின் கொடை, விப்ரோவின் 67 சதவீதப் பொருளாதார உரிமை, பங்குகளாகப் போனது. 80ஜி கழிவு பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான், பங்குகளுக்கு அது கிடையாது. பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயம் 2019-இல் எரிந்தபோது 10 கோடி யூரோ தருவதாகச் சொன்ன பினோ என்ற பிரெஞ்சுக் கோடீஸ்வரக் குடும்பம், வரிக் கழிவு கேட்க மாட்டோம் என்று அறிவித்தது. பிரான்சில் அப்போது நிறுவனங்கள் நன்கொடையில் 60 சதவீதத்தை வரியில் திரும்பப் பெறலாம் என்று இருந்தது, அப்படியானால் கட்டப்போவது மக்கள்தானே என்று அங்கே எழுந்த கேள்வி அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லவும் முடியும்.

இந்த வருடம்

கடந்த மார்ச்சில் முதலாளியின் கணக்கை எடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. நூல் விலை சரிந்து அவருக்கு அது நல்ல வருடம் இல்லை. பெரிய நன்கொடை எதுவும் திட்டத்தில் இல்லை. பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், புதியதில்தான் அவருக்கு லாபம். அதில் 80ஜி கிடையாது. அந்த நேரத்தில்தான் நூலகர் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். புது அறையில் வெயில் நேரத்தில் பிள்ளைகள் உட்கார முடியவில்லை, மின்விசிறியும் ஒரு இன்வெர்ட்டரும் நல்ல மேஜைகளும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மொத்தம் 3 லட்சம் வரும். அவர் எனக்கு போன் செய்தார். நான் உள்ளதைச் சொன்னேன். "ஐயா, இதுக்கு வரியில ஒரு ரூபா கூடக் கொறையாதுங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஆலை ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"செரி உடு கண்ணு. பசங்க வேர்த்து ஒழுகப் படிக்குதுங்க. வாங்கிப் போட்ரலாம்."

"ரசீது அறக்கட்டளை பேர்லயா, உங்க பேர்லயாங்க?"

"ரசீது எதுக்கு?"

இரண்டு வாரத்தில் எல்லாம் வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். அவர் அந்த அறையை அதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் றெக்கையில் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று போட்டு முதலாளியின் பெயரை எழுதியிருந்தார்கள். வாசல் பளிங்கைத் தாண்டி உள்ளே வரும்போது எனக்கு வழக்கம்போல ஒரு முள் குத்தியது. இந்தப் பெயரைப் படித்தபோது குத்தவில்லை. அந்த மின்விசிறி முழுக்க அவர் வாங்கியது. அதைச் சுற்ற வைக்கும் கரண்டுக்கு அம்மா கட்டியிருக்கிறார்.